காரணம்: அறுவை

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ‘ஈருயிர்க் காப்பு’. திறப்பு விழாவில் அமைச்சர் அந்தப் பெயரை மூன்று முறை தட்டுத்தடுமாறிச் சொன்னார். வெண்மலைக்கோட்டை அரசு மருத்துவமனையில் அந்தப் பெயர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அறுவை அரங்கத்து நர்ஸ்கள் அதை ‘மாமியார்’ ஆக்கிவிட்டார்கள். மாசமாக இருக்கிறவளைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கும், எதற்கும் சம்மதிக்காது, கேட்டால் எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்னும். வேறென்ன பெயர் வைப்பது?

கர்ப்பிணிக்கு வயிற்றில் எந்த அறுவை செய்வதானாலும் முதலில் அந்த இயந்திரத்திடம் கேட்டாக வேண்டும். விவரங்களைக் கொடுத்தால், அறுவை செய்தால் பிள்ளை போய்விட நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லும். பத்துக்குள் இருந்தால் பச்சை விளக்கு, தாண்டினால் சிவப்பு. சிவப்பு எரிந்துகொண்டிருக்கும்வரை மயக்க மருந்து அலமாரி திறக்காது, கேமராவுக்கு உயிர் வராது, வயிற்றை உப்பவைக்கும் வாயு வராது. அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் மாநிலம் முழுக்க இதே ஏற்பாடு. தாயின் உயிரே போகும் நிலை என்று அதற்குத் தோன்றினால் மட்டும் தானாகப் பச்சைக்கு மாறும். எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டதுதான் என்பதை டாக்டர் சுகந்தி என்றைக்கும் மறுத்ததில்லை. நல்ல எண்ணத்தோடு மல்லுக்கட்டுவதுதான் இருப்பதிலேயே சிரமம் என்று மட்டும் சொல்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு கனிஷ்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இருபத்தாறு வயது. பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் வடிவமைப்பாளர். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து நின்ற முதல் பிள்ளை, இருபத்தொரு வாரம் ஆகியிருந்தது. கணவன் ஓசூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். துணைக்கு வந்திருந்தவர் அவளுடைய அம்மா வசந்தாமணி மட்டும்தான்.

வலி ஞாயிற்றுக்கிழமை மதியமே ஆரம்பித்ததாம். ஞாயிற்றுக்கிழமை வந்த வலிக்குச் செவ்வாய்க்கிழமை வருகிறார்களே என்று சுகந்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்ததாகவும், சூட்டு வலியாக இருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் வசந்தாமணி சொன்னார். சொல்லும்போது சுகந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சுகந்தி உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றைத் தொட்டார். மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பை குடல்வாலை மேலே தள்ளிவிடும். வலி வழக்கமான இடத்தில் இருக்காது. தொப்புளுக்கு வலப்பக்கம், கொஞ்சம் மேலே விரல் பட்டதும் கனிஷ்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். முப்பது வருடமாக வயிறுகளைத் தொட்டுப் பழகிய கை அது. குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்னும் உடையவில்லை, இன்று மதியம்வரை தாங்கலாம் என்று அந்தக் கைக்குத் தெரிந்தது. ஸ்கேனில் குடல்வால் தெரியவில்லை, கர்ப்பப்பை மறைத்துக்கொண்டிருந்தது. பிள்ளையின் இதயம் மட்டும் திரையில் மும்முரமாகத் துடித்தது.

“அப்பெண்டிக்ஸ்தான் கண்ணு. சின்னதா மூணு துளை போட்டு எடுத்துறலாம். முக்கா மணி நேரம். பாப்பா அதுபாட்டுக்குத் தூங்கும்,” என்றார் சுகந்தி.

கனிஷ்கா தலையாட்டினாள். வசந்தாமணிதான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஆபரேசன் வேண்டாமுங்க டாக்டரம்மா. இதே ஆஸ்பத்திரிலதானுங்க, இவளுக்குத் தம்பி, அஞ்சு மாசம். இதே மாதிரி கேமரா வெச்சு ஆபரேசன் பண்ணாங்க. ரெண்டாம் நாள் போயிருச்சுங்க. நாந்தானுங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.”

ஞாயிறும் திங்களும் எங்கே போயின என்பது சுகந்திக்கு இப்போது புரிந்தது. இந்த அம்மா பயந்துபோய் மகளை வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார். இந்த மாதிரிக் கதைகளை அந்தப் பக்கத்து ஊர்களில் நிறையக் கேட்டிருக்கிறார் சுகந்தி. உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். உடைவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றேழுக்கு ஒன்றும் ஆகாது, உடையவிட்டால் மூன்றில் ஒன்றை இழக்க வேண்டிவரலாம், பயப்பட வேண்டியது அறுவைக்கு இல்லை, காத்திருப்பதற்குத்தான் என்று சொன்னார். சொன்னதெல்லாம் உண்மை. வசந்தாமணி கடைசியில், உங்களைத்தான் நம்புகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாட்சிக் கட்டத்தில் கட்டைவிரலை வைத்தார்.

“பத்தாவது படிச்சவங்க டாக்டர்,” என்றாள் கனிஷ்கா, வலியிலும் கொஞ்சம் சிரித்து. “ஆனா கையெழுத்தே போட மாட்டாங்க. பேங்க்குல இருந்து என் ஸ்கூல் மார்க் ஷீட் வரைக்கும் கைநாட்டுத்தான்.”

சுகந்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மனம் அரங்கத்தில் இருந்தது.

பத்தரை மணிக்கு மாமியாரிடம் கேட்டார்கள். எண் வந்தது: நூற்றுக்கு முப்பத்தொன்று. சிவப்பு. நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டுக் காத்திருக்கவும் என்று ஆலோசனை வேறு. மயக்க மருந்து டாக்டர் பஷீர் அலமாரியின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டார். அவர் எப்போதும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்கிற மனிதர். அன்றைக்கு, “வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் அங்கயும் இதே மாமியார்தான் மேடம்,” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

சுகந்தி சென்னை மையத்தை அழைத்தார். ஜெனிஃபர் என்ற பொறியாளர் பேசினாள், இளம் குரல், பொறுமையான குரல். நூற்றுக்கு மூன்று இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்று சுகந்தி கேட்டார்.

“வெளிநாட்டு ஆய்வு எதையும் அதுக்குக் குடுக்கல மேடம். நம்ம மாநிலத்துப் பெண்களோட இருபத்தஞ்சு வருசப் பதிவேட்டை மட்டும்தான் படிச்சிருக்கு. நம்ம உடம்பு, நம்ம ஆஸ்பத்திரி. அதுதான் இதோட பெருமையே.”

“அந்தப் பதிவேட்டுல காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே?”

“ஆமா. பிள்ளை போனதுக்குக் காரணம். முக்கால்வாசி இடத்துல ‘அறுவை’ன்னுதான் இருக்கு.”

அந்தக் கட்டத்தைச் சுகந்திக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பணியிலிருந்த எல்லாருக்கும் தெரியும். அதில் ‘தாமதம்’ என்று எழுதினால் வெள்ளிக்கிழமை கலெக்டர் முன்னால் விசாரணை நடக்கும். கிராம நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்று எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்பார்கள். யாராவது ஒருவர் தலை உருளும், பெரும்பாலும் கிராம நர்ஸ். ‘அறுவை’ என்று எழுதினால் ஒன்றும் இல்லை. அறுவையில் ஆபத்து உண்டு என்றுதான் முதலிலேயே கையெழுத்து வாங்கியிருக்கிறார்களே. கோப்பு அன்றைக்கே மூடப்படும், யாருக்கும் வலிக்காது. பெரிய டாக்டர்கள் சின்ன டாக்டர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அது பொய் என்று யாரும் நினைக்கவில்லை. இரக்கம் என்று நினைத்தார்கள்.

சுகந்தி ஜெனிஃபரிடம் தங்கள் மருத்துவமனையின் பதிவுகளை அனுப்பச் சொன்னார். நாற்பத்தாறு வந்தன. பதினொன்றில் சுகந்தியின் கையெழுத்து இருந்தது. ஏழாவது பெயர் வசந்தாமணி, வயது இருபத்தொன்பது, இருபது வாரம், காரணம் அறுவை. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

எல்லாம் நினைவுக்கு வந்தது. காலையில் இருவருக்குமே மற்றவர் முகம் அடையாளம் தெரிந்திருக்கவில்லை. நான்கு நாள் வலியோடு வந்த பெண். கிராம நர்ஸ் மல்லிகா வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தாள். கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும்போதே குடல்வால் உடைந்து சீழாகக் கிடந்தது. பிள்ளை போன அன்று மல்லிகா டாக்டர் அறை வாசலில் நின்று அழுதாள். அந்த வருடம் ஏற்கெனவே ஒரு விசாரணையில் மாட்டியிருந்தாள், இன்னொன்று வந்தால் வேலை போய்விடும், இரண்டும் சின்னப் பிள்ளைகள். சுகந்தி மூன்றெழுத்தை எழுதினார். வார்டில் வசந்தாமணியிடமும், ஆபரேஷனில் சில சமயம் இப்படி ஆகிவிடும் என்று சொன்னார். எழுதியதும் சொன்னதும் ஒத்துப்போக வேண்டுமே. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு அன்று நிம்மதியாகச் சாப்பிட்டதுகூட ஞாபகம் இருந்தது.

“ஜெனிஃபர், இந்தப் பதினொண்ணும் பொய். நான்தான் எழுதினேன். எல்லாமே தாமதத்தால போன பிள்ளைங்க. அறுவையால ஒண்ணுகூடப் போகல.”

“இந்த அழைப்பு பதிவாகுது மேடம்.”

“ஆகட்டும். இதைச் சேர்த்துட்டு மறுபடியும் கணக்குப் போடச் சொல்லும்மா.”

விசைகள் தட்டும் ஓசை கேட்டது. பிறகு ஜெனிஃபர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எண் முப்பத்துநாலு ஆகியிருந்தது.

“டாக்டர்களுக்கும் ஒரு மதிப்பெண் இருக்கு மேடம். பொய் எழுதினதா ஒத்துக்கிட்டவங்க வார்த்தைக்கு அது மதிப்பைக் குறைச்சிடும். ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல. குடல்வால்னு சொல்றது உங்க கை மட்டும்தான். அந்தக் கையை அது இப்ப பாதிதான் நம்புது.”

“பழைய பதிவுகளை?”

“அதை நீக்கணும்னா மனு குடுக்கணும், விசாரணை நடக்கணும். அதுவும் அது வருசத்துக்கு ஒரே தடவை, ஏப்ரல்லதான் பாடம் படிக்கும். என்னை மன்னிச்சிடுங்க மேடம்.”

அது ஆகஸ்ட் மாதம். இன்னொரு அறுவை மருத்துவர் வந்து தொட்டுப் பார்த்துச் சொன்னால் அது நம்பக்கூடும் என்றாள். வெண்மலைக்கோட்டையில் இருந்த இன்னொருவர் விடுப்பில் இருந்தார். பக்கத்து ஊர்க்காரர் அறுவையில் இருப்பதாகவும் நாலு மணிக்குக் கிளம்பி வருவதாகவும் சொன்னார். பஷீர் அரங்க வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சுகந்தி பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வார்டுக்குப் போய்க் கனிஷ்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். தொட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஒன்றேகால் மணிக்கு வசந்தாமணியே ஓடிவந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“வலி நின்னுருச்சுங்க டாக்டரம்மா. தண்ணி கேட்டுக் குடிச்சுட்டு, சிரிச்சுப் பேசறா. மிசினு சொன்னதுதானுங்க சரி. நல்லவேள, அவசரப்பட்டு அறுக்காம விட்டீங்க.”

வீங்கிப் புடைத்த குடல்வால் உடைகிறபோது சற்று நேரம் வலி குறையும். அதை விடக் கெட்ட செய்தி வேறில்லை. ஓடிப்போய்ப் பார்த்தார். கனிஷ்கா களைப்போடு புன்னகைத்தாள். கட்டில் தலைமாட்டில் இருந்த திரையில் இயந்திரமும் எழுதியிருந்தது: வலி எட்டிலிருந்து இரண்டுக்குக் குறைந்தது, சிகிச்சை பலனளிக்கிறது, அறுவை தேவையில்லை. குடல்வால் உடைந்துவிட்டது என்று சுகந்தி உள்ளிட்டும் சிவப்பு மாறவில்லை.

மூன்று மணிக்குக் காய்ச்சல் ஏறியது. மூன்றரைக்கு வயிறு பலகையாகிவிட்டது. மூன்றே முக்காலுக்கு இரத்த அழுத்தம் சரிந்ததும் மாமியாருக்குத் தாயின் மேல் அக்கறை வந்து பச்சை விளக்கைப் போட்டது. எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. பக்கத்து ஊர்க்காரர் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

சுகந்தி தன் வாழ்க்கையிலேயே மிக நன்றாகச் செய்த அறுவைகளில் அது ஒன்று. கர்ப்பப்பை இரத்தக் குழாயை அமுக்காதபடி இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார். கர்ப்பப்பைக்கு மேலே, கண்ணால் பார்த்துக்கொண்டே முதல் துளையைப் போட்டார். வாயுவின் அழுத்தத்தைப் பத்துக்கு மேல் போக விடவில்லை. சீழையெல்லாம் கழுவி எடுத்தார். ஐம்பது நிமிடம். முடிந்ததும் பஷீர் பிள்ளையின் இதயத் துடிப்பைச் சத்தமாக வைத்தார். நூற்றைம்பது. அரங்கத்திலிருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இடுப்பு வலி கண்டது. சீழ் பட்ட வயிற்றில் கர்ப்பப்பை சும்மா இருக்காது. நிறுத்துவதற்கான மருந்துகள் எதுவும் கேட்கவில்லை. மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது.

கனிஷ்கா அழவில்லை. சுகந்தியை வெகுநேரம் பார்த்தாள்.

“வலி நின்னுதானே இருந்துச்சு டாக்டர்,” என்றாள். “அப்புறம் ஏன் அறுத்தீங்க?”

அந்த நேரத்தில் சொன்னால் புரியாது என்று சுகந்தி பேசாமல் நின்றார். அது சாக்கு என்று அவருக்கே தெரிந்தது. சொல்வதற்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மணிக்குப் படிவம் வந்தது. காரணம் என்ற கட்டத்தில் இயந்திரமே எழுதியிருந்தது: அறுவை. வலி குறைந்தபின் அறுவை, இருபது மணி நேரத்தில் இழப்பு என்று விளக்கமும் இருந்தது. அழித்துவிட்டு வேறு காரணம் தேடினார். கிராம நர்ஸின் தாமதம், ஆம்புலன்ஸ் தாமதம், வீட்டில் தாமதம் என்று பட்டியல் நீண்டது. அனுமதி கொடுப்பதில் தாமதம் என்று ஒன்று அதில் இல்லை. ‘வீட்டில் தாமதம்’ என்பதைத் தொட்டார். அதுவும் முழுப் பொய் இல்லை, ஞாயிறும் திங்களும் வீட்டில்தானே போயின. உள்ளிடும் மருத்துவரின் நம்பகம் குறைவு, உறவினர் வாக்குமூலம் தேவை என்று திரை சொன்னது. ‘அறுவை’ என்று விட்டுவிட்டால் எதுவும் தேவையில்லை. விட்டுவிடலாம். பாவம், அந்த அம்மாவைப் போய்க் கலெக்டர் முன்னால் நிறுத்துவதா என்று மனம் சொன்னது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே மனம்தான். சுகந்திக்கு அதன் மேல் அருவருப்பு வந்தது.

கணவன் உள்ளே கனிஷ்காவோடு இருந்தான். வசந்தாமணி பிரசவ வார்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மல்லிகாவைப் பற்றி, அந்த மூன்றெழுத்தைப் பற்றி, அதைப் படித்துத்தான் இயந்திரம் நேற்றுக் கதவைத் திறக்க மறுத்தது என்பதைப் பற்றி, இப்போது எழுத வேண்டிய படிவத்தைப் பற்றி. எதையும் மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

வசந்தாமணி கேட்டார்.

“அப்ப, நான் கையெழுத்துப் போட்டதால போகலீங்களா?”

“இல்லீங்கம்மா. அதால போகல.”

“அந்தக் கையால ஒரு பேனாவத் தொட்டதில்லீங்க நானு. பத்தொம்பது வருசம்.” குரல் உயரவே இல்லை. “அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஞாயித்துக்கெழமையே இவளக் கூட்டிட்டு வந்திருப்பனுங்களே.”

வராந்தாவின் கோடியில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“என்னமோ எழுதோணும்னீங்களே, குடுங்க,” என்றார் வசந்தாமணி.

வீட்டில் தாமதம் என்று எழுதினால் வெள்ளிக்கிழமை கலெக்டர் முன்னால் நிற்க வேண்டிவரும், ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பார்கள் என்று சுகந்தி எச்சரித்தார். வசந்தாமணி தலையாட்டினார். கேட்டால், ஏன் வைத்திருந்தேன் என்பதையும் சொல்வேன் என்றார். சுகந்தி கையோடு கொண்டுவந்திருந்த திரையையும் அதற்கான பேனாவையும் வாங்கிக்கொண்டார். எழுத்து மறந்திருந்தது. ‘வ’ போட்டு நிறுத்தி, யோசித்து, ‘ச’ போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல் மெதுவாகத் தன் பெயரை முழுதாக எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார்.

கையெழுத்து பதிவில் இல்லை, கைரேகை வைக்கவும் என்றது திரை.

சுகந்தி திரையைத் திருப்பிக்கொள்ளப் பார்ப்பதற்குள் வசந்தாமணி அதைப் படித்துவிட்டார். கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு வைத்தார். பதிவு ஏற்கப்பட்டது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை என்ற செய்தி அவருடைய கைபேசியில் அப்போதே வந்து ஒலித்தது.

“இனி அடுத்து வர்ற புள்ளைக்காச்சும் அந்தக் கதவு நேரத்துல தெறக்குமுங்களா டாக்டரம்மா?”

சுகந்தி திரையைப் பார்த்தார். இந்தப் பதிவைச் சேர்த்தபின், டாக்டரின் மதிப்பெண் நீங்கலாக, அடுத்த ஏப்ரலில் எண் என்னவாகும் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. முன்பு முப்பத்தொன்று. இனி முப்பத்தொன்று.

வசந்தாமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெறக்குமுங்க,” என்றார் சுகந்தி.